வெள்ளிக்கிழமைச் சொட்டு

அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த மனிதனும் தப்பு செய்தது கிடையாது. எல்லாத் தப்பையும் சாமான்கள்தான் செய்தன. காபி கசந்தால் தூள் சரியில்லை. ஒருத்தன் வேலைக்குத் தாமதமாக வந்தால் பஸ் சரியில்லை. ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த தோல் கம்பெனியில் எவனாவது நல்ல தோலைக் கிழித்துவிட்டு சூப்பர்வைசர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், இவர் குறுக்கே போய் நிற்பார். "மனுசன் இன்னா சார் பண்ணுவான், சாமான் அப்டி" என்பார். பிளேடு மழுங்கல், பெல்ட் லூஸ், வோல்டேஜ் கம்மி என்று ஏதாவது ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருப்பார்.

நான் அந்தக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். ஒருமுறை செம்மறி ஆட்டுத்தோல் என்று அடிக்க வேண்டிய இடத்தில் வெள்ளாட்டுத்தோல் என்று அடித்துத் தொலைத்தேன். சரக்கு துறைமுகம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. மேனேஜர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோது, லீவு கேட்க வந்த இவர் வாசலில் நின்றபடியே, "அந்த டைப்ரைட்டர் ரொம்பப் பழசு சார், சில நேரம் அதுவா அடிச்சிக்குது" என்றார். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அண்ணன் ஓட்டியது ஷேவிங் மிஷின். ஈரத்தோலை அதற்குள் கொடுத்தால் சுழலும் பிளேடு உருளை அதைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் எங்களுக்குப் பல் கூசும். அவர் அதன் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, நாள் முழுக்க நின்றவர். தோல் உள்ளே மடங்கினாலோ பிளேடு எங்காவது கவ்வினாலோ சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டவுடன் காலை மிதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தவறியவர்களின் கைகளை ஆம்பூரில் யாரும் பார்க்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் புது ஷேவிங் மிஷின் ஒன்று கப்பலில் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்குக் கூடவே ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அண்ணனும் அவரும் ஒரு மாதம் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போகிற அன்று அவர் அண்ணன் கையைக் குலுக்கி, ஒரு கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். அதன் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்து அதைப் போட்டபோது நானும் இருந்தேன். எங்களுடையது அதே காம்பவுண்டில் அடுத்த போர்ஷன். கேசட் ஓடியது, சத்தம் வரவில்லை. அவர் வழக்கம்போல டேப்ரிக்கார்டர் மேல் பழியைப் போட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "காலிக் கேசட்ட உங்க தலையில கட்டிட்டுப் போய்ட்டான்" என்றாள் அக்கா. அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள், வாயும் ஊசிபோலத்தான் இருக்கும். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குள் அது வந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அது பாட்டு என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை. வார்த்தை இல்லை, தாளம் இல்லை. நீளமாக ஒரு சத்தம், அதன் அடியில் இன்னொரு சத்தம், இரண்டும் மெதுவாக நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று படிந்துகொண்டிருந்தன. "ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்த எல்லாமா ரெக்கார்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். அண்ணன் கையைக் காட்டி என் வாயை அடைத்தார். முடிகிற நேரத்தில், எல்லாம் அடங்கி வருகையில், எவர்சில்வர் டம்ளர் விளிம்பில் ஸ்பூன் பட்டதுபோல மெல்லிசாக ஒரே ஒரு சத்தம், உச்சஸ்தாயியில், ஒரு தடவை கேட்டது. அப்புறம் கேசட் டக்கென்று நின்றது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, "சொட்டுச்சு பாத்தியா?" என்றார். அதிலிருந்து அதற்குப் பேர் சொட்டு.

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்பது வெள்ளிக்கிழமைதான். முதலாளிகள் ஜும்மாவுக்குப் போவதால் தோல் கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிறு விடிகாலை ஆராதனையை முடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வேலைக்குப் போவோம். வெள்ளிக்கிழமை காலையில், தோலைப் போட்டு உருட்டும் ஊரின் அத்தனை டிரம்களும் நின்றிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். சுற்றிலும் ஓர் அமைதி வரும். அந்தக் கேசட்டைக் கேட்க அந்த ஊரில் வாரத்துக்கு அந்த ஒரு வேளைதான் உண்டு. மற்ற நாளில் போட்டால் டிரம் உருளுவது எது, பாட்டு எது என்று தெரியாது.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. கூட்டம் என்றால் நாலு பேர். அண்ணன், அக்கா, நான், கடைத்தெருவில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த பாய். பாய் ஜும்மாவுக்குக் கிளம்புமுன் அத்தர் வாசனையோடு வந்து உட்காருவார். வாழ்நாளெல்லாம் சினிமாப் பாட்டைப் பதிந்து விற்ற மனிதர், இதைக் கேட்டபிறகு, "இதுல விக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல தோஸ்த், அதனால சுத்தமா இருக்குது" என்றார். யாரும் பேசக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். சொட்டு வந்தால் விரலைத் தூக்க வேண்டும். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் டீ கிடையாது. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொட்டு விழுகிற நொடியில் மூடிய கண்ணோடு அவர் விரல் மேலே போகும். என்னுடையது எப்போதும் கொஞ்சம் பிந்தும்.

நான் அதற்கு அடிமையானது எப்போது என்று தெரியாது. என் வீட்டில் பெரிய சண்டை நடந்து, இனி இந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று முடிவு செய்த ஒரு வாரம், அங்கே போய் உட்கார்ந்தேன். பாட்டு பாதி ஓடும்போது என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. யாரும் கேட்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான். முடிந்தபோது நான் வீட்டுக்குத் திரும்பிப் போகிற அளவுக்கு ஆறியிருந்தேன். பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போன சின்ன வயசு ஞாபகம் தனக்கு வருவதாக பாய் சொல்வார். தையல் முடித்து மிஷினை நிறுத்தியதும் காதில் ஒரு நிம்மதி இருக்குமே, அதுதான் இது என்பாள் அக்கா. உங்களுக்கு என்ன வருகிறது என்று அண்ணனைக் கேட்டால், "ஒண்ணும் வரல. அதுக்குத்தான் கேக்கறேன்" என்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சொட்டு விழுந்து நாங்கள் மூவரும் விரலைத் தூக்கினோம். அண்ணன் கை மடியிலேயே இருந்தது. கேசட் நின்றதும் கண்ணைத் திறந்து, "இன்னா, இந்த வாட்டி சொட்டு வரல?" என்றார்.

யாரும் பதில் சொல்வதற்குள் அவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார். "டேப்பு போச்சு. இந்த ஊரு காத்துக்கு எதுதான் நிக்குது?"

நாங்கள் தலையை ஆட்டினோம். எங்கள் ஊரில் இதை யாரும் மறுக்க முடியாது. தோல் கம்பெனிக் காற்றில் வெள்ளிக் கொலுசு கறுக்கும், பித்தளைக் குத்துவிளக்கு கறுக்கும், ஃப்ரிட்ஜின் செம்புக் குழாய் ஓட்டையாகும். டி.வி. ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றாமலே காற்றின் மேல் புகார் எழுதிவிடுவார். அப்படி இருக்க, ஒரு கேசட் மட்டும் கெடாமல் இருக்குமா? வேறு ஊரில் ஒருத்தருக்கு இது நேர்ந்திருந்தால் முதல் மாதமே காதைக் காட்டப் போயிருப்பார். ஆம்பூர்க்காரருக்குக் காற்றைச் சந்தேகப்படுவதுதான் இயல்பாக வரும்.

பாயிடம் கொடுத்துப் புதுக் கேசட்டில் பதிந்தார். அதிலும் சொட்டு இல்லை. கேசட் கம்பெனியை மாற்றினார். டேப்ரிக்கார்டர் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு டேப்ரிக்கார்டரையே மாற்றினார். வால்யூமை வாரா வாரம் கூட்டினார், எதிர் போர்ஷன்காரர்கள் வந்து சத்தம் போடும்வரை. ஒருநாள் கடைத்தெருவில் பாய் என்னை நிறுத்தினார்.

"ம்மா, காப்பி பண்ணும்போது கடையில உக்காந்து கேட்டேன். சொட்டு சுத்தமா இருக்குது. மொதக் கேசட்டுலயும் இருக்குது. எனக்கு ஒரு மாதிரி பேஜாரா இருக்குதும்மா."

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நான் பின்னால் நின்று கூப்பிட்டால் அண்ணன் திரும்புவதில்லை. காலையில் கம்பெனிச் சங்கு ஊதியவுடன் எழுகிற மனிதரை அக்கா தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. எதையாவது சொல்வதென்றால் அக்கா முதலில் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொள்வாள், பிறகுதான் பேசுவாள். அதை எப்போது பழகினாள் என்றே தெரியவில்லை. இதையெல்லாம்விட என்னை வதைத்தது வேறொன்று. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு முடியும் நேரத்தில் எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் விரல் எழுந்த பிறகு அவருடையதும் எழும். "கம்மியா வருது, ஆனா வருது" என்பார்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேவிட்டேன். வேலூருக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காதைக் காட்டினால் என்ன?

"கேட்டுப் பாத்தேன். 'காதுல இன்னா இருக்குது காட்றதுக்கு, டேப்பு போனா காத காட்டுவாங்களா'ன்றாரு." அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "காது கேக்கலன்னு எழுதிக் குடுத்தா மிஷின்ல நிக்க விடுவானா? தோலு காயப்போட அனுப்பிடுவான். போனாப் போவுது, கஞ்சி குடிச்சிக்கலாம். ஆனா அந்த ஒரு பாட்டுதான் அவருக்கு. அது உனக்கு இனிமே கேக்காதுயான்னு நான் எந்த வாயால சொல்லட்டும்? டேப்புதான் போச்சுன்னு நீங்களும் சொல்லிடுங்க."

சொன்னோம். பாயும் சொன்னார், நானும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சோதனைக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்த காலம் அது. எல்லோருக்கும் காது மூடி கொடுத்தார்கள். சோதனைக்காரர்கள் வருகிற அன்று அண்ணன் அதைக் காதில் மாட்டிக்கொள்வார், அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுவிடுவார். "மிஷினு சத்தம் கேக்காம மிஷின எப்டி ஓட்றது?" என்று என்னிடமே கேட்டார். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் தோல் உள்ளே மடங்கிக் கவ்வியது. ஆபீசுக்குள் இருந்த எனக்கே சத்தம் மாறியது கேட்டது. அண்ணன் காலை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர் பாய்ந்து நிறுத்துகிற பொத்தானை அடித்தார். சட்டைக் கை முழங்கைவரை கிழிந்திருந்தது. கையில் கீறல்கூட இல்லை. "பெல்ட்டு லூஸு சார்" என்று சூப்பர்வைசரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எத்தனை பேரைக் காப்பாற்றிய வாய் அது! அன்று அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

அந்தச் சட்டையை அக்காதான் தைத்தாள். தையல் முடிந்தபிறகும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

பொங்கல் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை பாய் தன் சி.டி. பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மருமகன், பேர் தெரியாத இந்தப் பாட்டைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார். வார்த்தை இல்லை, தாளம் இல்லை, கடைசியில் ஒரே ஒரு சொட்டு என்று. மறுநாளே எங்கோ பனி கொட்டும் ஊரிலிருந்து ஒருத்தர் பேரைச் சொல்லிவிட்டாராம். பின்னாலேயே இன்னும் பலர் வந்து எழுதியிருக்கிறார்கள்.

"ஒரு அம்மா எழுதியிருக்குது தோஸ்த், புருசன் செத்த வருசம் பூரா இதக் கேட்டுத்தான் தூங்குச்சாம். ஒருத்தர் லாரி ஓட்றவராம், அந்தச் சொட்டு வர்ற வரைக்கும் வண்டிய விட்டு எறங்க மாட்டாராம். நாம நாலு பேருன்னு நெனச்சினு இருந்தோம். ஊரு பூரா இருக்குறாங்க." பாட்டின் பேரையும் சொன்னார். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. மருமகன் வாங்கி அனுப்பியிருந்த சி.டி.யைப் பையிலிருந்து எடுத்தார்.

பாயின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "சி.டி.யா?" என்றார். "அப்போ காத்து ஒண்ணும் பண்ணாது. சுத்தமா இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பாயின் சந்தோஷம் அப்போதுதான் இறங்கியது. டேப்பின் மேல் இனி பழி போட முடியாது என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணன் கோரைப்பாயை விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் விரல்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

பாட்டு ஆரம்பித்தது. கேசட்டில் எப்போதும் இருந்த அந்த இரைச்சல் இல்லாமல், அடியில் ஓடுகிற சத்தம்கூடத் தனியாகத் தெரிந்தது. எனக்குச் சிலிர்த்தது. இதை அவர் இப்படிக் கேட்க முடியாதே என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் போயிருக்கும். கரண்ட் போய்விட்டது.

பிளேயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. பாட்டு அறுந்து நின்றது. மின்விசிறி ஓர் ஓரமாகச் சுற்றி ஓய்ந்தது. தை மாதத்துக் குளிர் மிச்சமிருந்ததால் அது நின்றது உடம்புக்கும் தெரியவில்லை. தெருவில் யாரோ குடத்தை வைத்த சத்தம் உள்ளே கேட்டது. பாய் வாயைத் திறந்தார். அக்கா வேகமாகத் தலையை ஆட்டி அவரை நிறுத்தினாள்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

இப்போது திறப்பார், இதோ திறப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலை மெதுவாக, பாட்டு நகருகிற கதியிலேயே, நகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நின்றுபோனது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மனசுக்குள் அதைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன், வழியிலேயே விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அக்கா தன் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவர் விரல் மேலே போனது.

"வந்துச்சு!" என்றார். மூடிய கண்ணோடு முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா, வந்துச்சு! நான் சொல்லினே இருந்தன்ல, டேப்புதான் போச்சுன்னு."

தூக்கிய அந்த விரலை அக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு கீறல் இல்லாத, முழுசான விரல். பிடித்த பிடியை விடவே இல்லை. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். என்னையும் பாயையும் பார்த்தார். எங்கள் விரல்கள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்.

"கரண்டு எப்போ போச்சு?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காதான், ஒவ்வொரு வார்த்தையாக, அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து சொன்னாள்.

"டேப்பு மேல தப்பே இல்லீங்க. ஒரு நாளும் இல்ல."

மறுநாள் காலையில் கம்பெனிச் சங்கு ஊதியது. எங்கள் போர்ஷனுக்குக் கேட்டது. அக்கா அவரை வேலைக்கு எழுப்பவில்லை.